பள்ளத்தில் காத்திருந்த முட்டைகள்

1930ஆம் ஆண்டு கென்யாவின் நைவாஷா ஏரிக்கரைப் பண்ணை ஒன்றில் செம்மறிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குட்டி வீசின. நிறைசினை ஆடுகள் தப்பவில்லை. பிறந்து சில நாளே ஆன குட்டிகள் பால் குடிக்க மறுத்து மடிந்தன. அறுத்துப் பார்த்தபோது ஈரல் திட்டுத்திட்டாக அழிந்து கிடந்தது. நைரோபிக்கு அருகே கபெட்டேயில் இருந்த அரசுக் கால்நடை ஆய்வகத்திலிருந்து ராபர்ட் டாப்னியும் ஹட்ஸனும் வந்து ரத்தம் எடுத்தார்கள். பாக்டீரியா நுழைய முடியாத நுண்வடிகட்டியில் அதை வடித்து, வடிந்ததை நல்ல ஆட்டுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். அந்த ஆட்டுக்கும் நோய் வந்தது. ஆக, இது வைரஸ். மந்தையை மேய்த்தவர்களுக்கும் காய்ச்சல் கண்டது, ஆய்வகத்தில் அதைக் கையாண்டவர்களுக்கும் கண்டது. கார்ன்ஹாம் என்ற மருத்துவரையும் சேர்த்துக்கொண்டு மூவரும் 1931இல் எழுதிய கட்டுரைதான் ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சலைப் பற்றி உலகம் படித்த முதல் முழு விவரம்.

அந்த முதல் ஆய்விலேயே இரண்டு செய்திகள் பதிவாகிவிட்டன. ஒன்று, நோய் பெருமழையை ஒட்டி வந்தது. கொசுபோன்ற ஏதோ ஒரு பூச்சி இதைச் சுமக்கிறது என்ற சந்தேகம் அவர்களுக்கு எழுந்தது. இரண்டு, மந்தையை மேட்டுநிலத்துக்கு ஓட்டிப்போனதும் சாவு நின்றது. மழை, பள்ளம், பூச்சி, மேடு. பின்னாளில் செயற்கைக்கோள் படங்களை வைத்துக்கொண்டு விஞ்ஞானிகள் போட்ட கணக்கின் அடிப்படை எல்லாம் இந்த நான்கில் அடங்கும். ஆனால் அந்தக் கணக்கைப் போட்டு முடிக்க எழுபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

நான் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் கால்நடை மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்தியாவில் இந்த நோய் பரவியதாகப் பதிவு இல்லை. நான் இதைக் கண்ணால் கண்டதும் இல்லை. இருந்தும் இதன் வரலாற்றைத் தேடித் தேடிப் படித்தேன். வானத்திலிருந்து பூமியைப் பார்த்து, இன்ன பக்கம் இன்ன மாதம் நோய் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல, அது அப்படியே வந்து நின்றதற்கு உலகம் கண்ட தெளிவான சான்றுகளில் இது ஒன்று. அதோடு, சரியாகச் சொல்லப்பட்ட ஒரு வார்த்தை, அதைக் கேட்க வேண்டியவனிடம் போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் இதைவிடப் பெரிய பாடம் இல்லை. மந்தையோடு வாழ்பவர்களுக்கு நடுவில் பணிக்காலத்தைக் கழித்த எனக்கு இரண்டாவது செய்தி முதலாவதைவிட முக்கியமாகப் படுகிறது.

நைவாஷாவுக்குப் பிறகு நோய் வந்தது, போனது, மறுபடி வந்தது. 1944இல் உகாண்டாவின் செம்லிக்கி காட்டில், வேறு வைரஸைத் தேடிப் போன ஸ்மித்பர்ன், ஹேடோ, ஜில்லட் ஆகியோர் கொசுக்களிலிருந்தே இந்த வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். பூச்சி என்ற சந்தேகம் உறுதியாயிற்று. 1950-51இல் தென்னாப்பிரிக்காவில் ஒரு லட்சம் ஆடுகள் செத்தன, ஐந்து லட்சம் ஆடுகள் குட்டி வீசின என்று மதிப்பிட்டார்கள். 1977இல் சகாரா பாலைக்கு அந்தப்புறம், அதுவரை இந்த நோயை அறியாத எகிப்தில், நைல் கரையோரம் பரவி சுமார் 600 மனிதர்களைக் கொன்றது. அதுவரை ஆட்டு நோய் என்று கருதப்பட்டது அன்றிலிருந்து மனித நோயாகவும் பயப்பட வைத்தது.

மனிதர்களுக்கு இது பெரும்பாலும் கொசுக்கடியால் வருவதில்லை. நோயுற்ற ஆட்டை அறுக்கும்போது, செத்துப் பிறக்கும் குட்டியை இழுத்துப் போடும்போது, ரத்தமும் பனிக்குட நீரும் கையில் படும்போது, காய்ச்சாத பாலைக் குடிக்கும்போது வருகிறது. பலருக்குக் காய்ச்சலோடு தீர்ந்துவிடும். சிலருக்குக் கண்பார்வை போகும், சிலருக்கு மூளையைத் தாக்கும். மிகச் சிலருக்கு மூக்கிலும் ஈறிலும் ரத்தம் வடியத் தொடங்கும். அந்தக் கட்டத்தை எட்டியவர்களில் பாதிப் பேர் பிழைப்பதில்லை. ஆடு பிழைத்தால்தான் ஆள் பிழைப்பான் என்பது மற்ற ஊரில் பிழைப்பைப் பற்றிய பேச்சு. அங்கே அது உயிரைப் பற்றியது.

கால்நடை மருத்துவர்களை நெடுங்காலம் குழப்பிய கேள்வி ஒன்று உண்டு. கென்யாவில் நோய் 1951-53, 1961-63, 1967-68, 1977-79 என்று சில ஆண்டுகள் தாண்டித் தாண்டி வந்தது. இடைப்பட்ட காலத்தில் அந்த வைரஸ் எங்கே இருந்தது? ஆட்டின் உடம்பில் தங்கவில்லை, ஒன்று அது சாகும் அல்லது எதிர்ப்புச் சக்தியோடு பிழைக்கும். கொசுவின் ஆயுளோ சில வாரம். காட்டு விலங்குகளில் தேடியும் தீர்வான விடை கிடைக்கவில்லை.

விடை டாம்போ என்று சொல்லப்படும் பள்ளங்களில் இருந்தது. ஆப்பிரிக்கப் புல்வெளியில் அங்கங்கே நிலம் லேசாகக் குழிந்திருக்கும். நம் கண்மாய்போல் யாரும் வெட்டியதில்லை, கரையும் மடையும் கிடையாது. கோடையில் பார்த்தால் அது பள்ளம் என்றே தெரியாது, சற்றுத் தாழ்ந்த புல்தரை. மழை தொடர்ந்து பெய்தால் மட்டும் நிலத்தடி நீர் ஊறி மேலே வந்து தேங்கும். ஏடிஸ் வகைக் கொசு ஒன்று அந்தப் பள்ளத்தின் ஈர மண்ணில் முட்டை இடுகிறது. அந்த முட்டை உடனே பொரிப்பதில்லை. முதலில் காய வேண்டும், பிறகு நீரில் முழுக வேண்டும். முழுகும் அளவுக்கு மழை வராத ஆண்டுகளில் மண்ணுக்குள் அப்படியே உயிரோடு கிடக்கும்.

1980களின் தொடக்கத்தில் அமெரிக்க ராணுவ மருத்துவ ஆய்வுப் பிரிவின் பூச்சியியலாளர் கென்னத் லிந்திக்கம், கபெட்டே ஆய்வகத்தின் கிளின் டேவிஸ் முதலானோர் கென்யாவின் பள்ளங்களில் இறங்கி வேலை செய்தார்கள். நோய் எங்கும் இல்லாத அமைதிக் காலம் அது. தேங்கிய நீரிலிருந்து கொசுவின் புழுக்களை அள்ளி வந்து, எந்த மிருகத்தின் ரத்தத்தையும் குடிக்க விடாமல் கொசுவாக வளர்த்துச் சோதித்தார்கள். இன்னும் ஒரு தடவைகூடக் கடிக்காத அந்தக் கொசுக்களில் சிலவற்றில் வைரஸ் இருந்தது. தாய்க் கொசு முட்டையிலேயே அதை வைத்துவிட்டுப் போயிருந்தது! ஆண்டுக்கணக்கில் எல்லோரும் ஆட்டிலும் மானிலும் தேடிய வைரஸ், கால் வைத்து நடந்த மண்ணுக்குள் முட்டையோடு காத்திருந்தது. நோயின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். சேற்றில் இறங்கிப் புழுவை அள்ளி எண்ணிய ஆட்கள் இல்லாமல் பின்னால் வந்த எந்த வரைபடமும் வந்திருக்காது.

இன்னொரு விவரமும் அந்தப் பள்ளங்களிலிருந்தே கிடைத்தது. ஒரு மழை பெய்து நீர் சீக்கிரம் வற்றினால் ஏடிஸ் கொசுக்கள் மட்டும் கிளம்பி, பக்கத்து மந்தையில் சில ஆடுகளைக் கடித்து, அத்தோடு முடிந்துவிடும். நீர் வாரக்கணக்கில் நின்றால்தான் க்யூலெக்ஸ் வகைக் கொசுக்கள் அங்கே வந்து பெருகும். அவை ஏற்கெனவே நோயுற்ற ஆடுகளைக் கடித்து வைரஸை நாலாபக்கமும் எடுத்துப்போகும். அதனால் ஒருநாள் கொட்டித் தீர்க்கும் மழையைவிட விடாமல் பெய்யும் மழைதான் ஆபத்து. 1985இல் டேவிஸும் கூட்டாளிகளும் முப்பது ஆண்டு மழைக் கணக்கை நோய்ப் பதிவுகளோடு ஒப்பிட்டு, கென்யாவில் நோய் பரவிய ஆண்டுகள் எல்லாம் வழக்கத்துக்கு மிஞ்சிய, நீடித்த மழை பெய்த ஆண்டுகளே என்று காட்டினார்கள்.

அப்படியானால் மழையை அளந்தால் நோயைச் சொல்லிவிடலாம். ஆனால் கென்யாவின் வடகிழக்கில், சோமாலியாவின் தெற்கில், பல நூறு கிலோமீட்டருக்கு மழைமானி கிடையாது. இருக்கும் இடத்திலும் கணக்கு வந்து சேர மாதங்கள் ஆகும். இந்த இடத்தில்தான் வானம் உதவிக்கு வந்தது.

பச்சை இலை சூரிய ஒளியின் சிவப்பைத் தனக்கென்று உறிஞ்சிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். வெறும் மண் இந்த இரண்டையும் இப்படிப் பிரிப்பதில்லை. எனவே மேலிருந்து இரண்டையும் அளந்து, வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்தால், அந்த இடத்தில் எவ்வளவு பச்சை இருக்கிறது என்பது ஒரு எண்ணாகக் கிடைக்கும். நாசாவின் காடர்ட் மையத்தில் வேலை பார்த்த காம்ப்டன் டக்கர் இந்தக் கணக்கை 1970களின் இறுதியிலேயே ஆராய்ந்திருந்தார். 1981இல் ஏவப்பட்ட நோவா-7 செயற்கைக்கோளில் இருந்த கருவி வானிலைக்காக வைக்கப்பட்டது. அவர் அதைக் கொண்டு ஆப்பிரிக்கா முழுவதன் பசுமையையும் அளக்கலாம் என்று காட்டினார்.

லிந்திக்கமும் டேவிஸும் டக்கரோடு சேர்ந்தார்கள். டாம்போக்கள் பலவும் அந்தக் கருவியின் ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும் அளவுக்குச் சிறியவை. அதனால் கொசுவையோ பள்ளத்தையோ அவர்களால் மேலிருந்து பார்க்க முடியவில்லை. புல் மட்டும் தெரிந்தது. வறண்ட நாட்டில் புல் வழக்கத்தை மீறிப் பச்சை கட்டி, மாதக்கணக்கில் அப்படியே நின்றால், மண் நனைந்தே இருக்கிறது என்று பொருள். மண் நனைந்திருந்தால் பள்ளம் நிறைந்திருக்கும். பள்ளம் நிறைந்தால் முட்டை பொரித்திருக்கும். இப்படிப் படிப்படியாக இறங்கி, 1987இல் சயன்ஸ் இதழில் வந்த கட்டுரையில், கென்யாவின் பசுமை அளவுக்கும் வைரஸ் நடமாட்டத்துக்கும் உள்ள உறவை வைத்தார்கள். ஆட்டு நோயைப் புல்லின் நிறத்திலிருந்து படிக்கலாம் என்ற எண்ணம் அப்போது பலருக்கு அதிகப்படியாகத் தோன்றியிருக்கலாம். மேய்ச்சலில் வாழ்ந்தவனுக்கு அதில் வியப்பு இல்லை. புல்லைப் பார்த்துத்தான் அவன் நாளையைத் தீர்மானிக்கிறான்.

கணக்கு வந்துவிட்டது, ஆனால் அதை மாதாமாதம் போட்டு எச்சரிக்கும் ஏற்பாடு வரவில்லை. அதற்குள் 1997 வந்தது. அந்த ஆண்டு பசிபிக்கில் எல் நினோ பெரிதாக எழுந்தது. கூடவே இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி, ஆப்பிரிக்கக் கரையோரம், வழக்கத்துக்கு மீறிச் சூடேறியது. கிழக்குப் பகுதி குளிர்ந்தது. அந்தச் சூட்டில் எழுந்த மேகம் அக்டோபரிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்காவில் இறங்கியது. வறண்ட நாடு ஏரிபோல் ஆயிற்று. டிசம்பரில் கென்யாவின் வடகிழக்கில் காரிஸா பகுதியில் மனிதர்கள் ரத்தம் கக்கிச் சாகிறார்கள் என்று செய்தி வந்தது. பாதைகள் எல்லாம் வெள்ளத்தில். வடகிழக்குக் கென்யாவிலும் தெற்குச் சோமாலியாவிலும் சுமார் 89,000 பேருக்குத் தொற்று ஏற்பட்டிருக்கலாம் என்று பின்னர் மதிப்பிட்டார்கள். ஆட்டு வியாபாரம் அடியோடு படுத்தது. ஆப்பிரிக்கக் கொம்பு நாடுகளிலிருந்து ஆடு இறக்குவதை 1998இல் சவூதி அரேபியா நிறுத்தியது. ஹஜ் காலத்துக்கு ஆடு ஏற்றி அனுப்பிப் பிழைத்த சோமாலியக் குடும்பங்களுக்கு அந்தத் தடை நோயைவிட நீண்ட அடியாக விழுந்தது.

அதே 1997-98இல் அதே கடலின் இந்தப் பக்கத்தில் நான் இருந்தேன். எங்கள் வடகிழக்குப் பருவமழையும் அந்த ஆண்டு மிகையாகப் பெய்தது. அது ஓயும் முன்பே நீலநாக்கு நோய் தென்னிந்தியச் செம்மறிகளைக் கடுமையாகத் தாக்கியது. இது வேறு வைரஸ், மனிதர்களுக்கு வராது. க்யூலிகாய்டஸ் என்ற, கண்ணுக்கு எளிதில் படாத ஒரு குறுங்கொசு சுமப்பது. ஆனால் போக்கு ஒன்றுதான்: மழை, ஈரம், பூச்சி, ஆடு. கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கிடைகளில் முகம் வீங்கி, வாயில் எச்சில் வழிய, குளம்பின் மேல்விளிம்பு சிவந்து கால் ஊன்ற முடியாமல் ஆடுகள் படுத்துக் கிடந்தன. அன்று நம்மிடம் அதற்குத் தடுப்பூசி இல்லை. புண்ணைக் கழுவி மருந்து தடவி, கஞ்சி புகட்டி, மற்ற கிருமி சேராமல் ஊசி போடுவது ஒன்றுதான் எங்களால் ஆனது.

ஒரு கிடையில் முதிர்ந்த கீதாரி (மந்தைத் தலைவர்) ஒருவர் என்னிடம் சொன்னது இன்றும் நினைவில் இருக்கிறது. "டாக்டரய்யா, ஐப்பசியிலயே பள்ளம் பூராத் தண்ணி நின்னுபோச்சு. கார்த்திகையில பூச்சி ஆட்டப் படுக்க விடல. அப்பவே தெரியும், வாய் வீங்கப் போகுதுன்னு. மேட்டுக்கு ஓட்டிரணும். எங்கிட்டு ஓட்டுறது? மேடு பூரா வெள்ளாம நிக்குது."

அவருக்கு மழையின் அளவு தெரிந்திருந்தது, பூச்சி வந்த நாள் தெரிந்திருந்தது, நோய் வரும் என்பதும் தெரிந்திருந்தது, செய்ய வேண்டியது என்ன என்பதும் தெரிந்திருந்தது. 1930இல் நைவாஷாவில் மந்தையைக் காத்த அதே வழி அது. ஆனால் மேட்டில் ஒதுங்க இடம் கேட்டுத் தர ஆள் இல்லை. அவர் பார்த்ததை நோய் வருவதற்கு முன்பே வந்து கேட்டு எழுதிக்கொள்ளவும் ஆள் இல்லை. எங்கள் படிவங்களில் செத்த ஆட்டுக்குக் கட்டம் இருந்தது. முன்கூட்டிப் பார்த்த பூச்சிக்குக் கட்டம் இருந்ததில்லை.

காரிஸாவுக்குப் பிறகு லிந்திக்கம், அஸஃப் அன்யம்பா, டக்கர் முதலானோர் பழைய பதிவுகளைத் திரும்ப எடுத்து அடுக்கினார்கள். கடலின் வெப்பத்தையும் நிலத்தின் பசுமையையும் சேர்த்துப் பார்த்தால் கிழக்கு ஆப்பிரிக்காவில் நோய் பரவுவதை ஐந்து மாதம் வரை முன்கூட்டிச் சொல்ல முடியும் என்று 1999இல் அதே சயன்ஸ் இதழில் எழுதினார்கள். பசிபிக்கும் மேற்கு இந்தியப் பெருங்கடலும் சேர்ந்து சூடேறினால் மழை நீடிக்கும். கடலின் சூடு மழைக்கு முன்பே தெரியும். புல்லின் பச்சை மழைக்குப் பிறகு எந்தெந்த இடம் என்று சொல்லும். முதலாவது காலத்தைத் தருகிறது, இரண்டாவது இடத்தைத் தருகிறது. இந்தமுறை கணக்கைக் கட்டுரையோடு விடவில்லை. ஆப்பிரிக்காவுக்கான அபாய வரைபடத்தை மாதந்தோறும் தயாரிக்கும் ஏற்பாடு வந்தது. 2000இல் நோய் செங்கடலைத் தாண்டிச் சவூதி அரேபியாவிலும் யேமனிலும் புகுந்து, ஆப்பிரிக்காவுக்கு வெளியே முதல்முறையாகப் பரவி மனிதர்களைக் கொன்றபோது, இந்த வேலையின் அவசரம் எல்லோருக்கும் புரிந்தது.

2006இல் அந்த ஏற்பாட்டைச் சோதிக்கும் நாள் வந்தது. மறுபடியும் எல் நினோ, மறுபடியும் மேற்கு இந்தியப் பெருங்கடலில் சூடு. செப்டம்பரிலேயே, ஆப்பிரிக்கக் கொம்பில் மழை மிகும், நோய்க்குச் சூழல் அமையும் என்று வரைபடக் குழு சொன்னது. அக்டோபர் நடுவில் மழை பிடித்தது. நவம்பரில் வரைபடம் வடகிழக்குக் கென்யாவையும் தெற்குச் சோமாலியாவையும் குறிப்பாகச் சுட்டியது. ஐ.நா. உணவு வேளாண் நிறுவனம் அந்த மாதமே நாடுகளுக்கு எச்சரிக்கை வெளியிட்டது. நவம்பர் இறுதியில் காரிஸாவில் முதல் மனிதர் நோயில் விழுந்தார். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் ஆய்வகம் உறுதி செய்தது. சுட்டிய இடமும் சுட்டிய பருவமும் தப்பவில்லை. பிறகு ஒப்பிட்டபோது, நோய் கண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் வரைபடம் அபாயம் என்று காட்டிய பகுதிகளிலேயே இருந்தார்கள் என்று தெரிந்தது. மண்ணில் ஒளிந்திருந்த முட்டையைப் பல நூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து படித்துச் சொன்ன சாதனை இது. அதை நினைக்கும்போது ஒரு கால்நடை மருத்துவனாக எனக்கு இன்றும் பெருமை பொங்குகிறது.

ஆனால் உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கையும் பக்கத்தில் வைத்தே அந்தப் பெருமையைப் பேச வேண்டும். கென்யாவில் 684 பேருக்கு நோய், 155 பேர் சாவு. சோமாலியாவில் 114 பேருக்கு, 51 சாவு. தான்சானியாவில் 264 பேருக்கு, 109 சாவு. கென்யாவுக்கு மட்டும் பொருளாதார இழப்பு 3 கோடி 20 லட்சம் டாலருக்கு மேல் என்று மதிப்பிட்டார்கள். முன்கூட்டிச் சொல்லியும் இத்தனை.

ஏன் என்று கேட்டவர்கள் உண்டு. நைரோபியிலுள்ள சர்வதேசக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் கூட்டாளிகளும் நோய் அடங்கியபின் ஊர் ஊராகப் போய், சோமாலி மேய்ச்சல்காரர்களோடு உட்கார்ந்து, எது முதலில் வந்தது, எத்தனை நாள் கழித்து எது வந்தது என்று கேட்டு அடுக்கினார்கள். மேய்ச்சல்காரர்களின் கணக்கு அசாத்தியத் தெளிவோடு இருந்தது. பெருமழை தொடங்கியதிலிருந்து கொசுப்படை கிளம்பச் சராசரியாக 24 நாள். கொசு வந்ததிலிருந்து முதல் ஆடு நோயில் விழ 17 நாள். முதல் ஆட்டிலிருந்து முதல் மனிதனுக்கு ஏறத்தாழ 17, 18 நாள். கூட்டினால் சுமார் இரண்டு மாதம். வழக்கத்துக்கு மாறான கொசு, ஆட்டின் மூக்கில் ரத்தம், மொத்தமாகக் குட்டி வீசுதல் எல்லாவற்றையும் அவர்கள் அப்போதே கண்டு, இது இன்ன நோய் என்றும் அடையாளம் சொல்லியிருந்தார்கள்.

அந்த இரண்டு மாதம் வீணானது. நான் இதை அங்கிருந்த என் தொழில்காரர்களைக் குறைசொல்ல எழுதவில்லை. அவர்கள் நின்ற இடத்தில் நின்று பார்த்தால் தடங்கல் ஒவ்வொன்றும் தெரிகிறது. கென்யாவில் தடுப்பூசி போடும் வேலை 2007 ஜனவரியில்தான் தொடங்கியது. நோய் பத்தாண்டுக்கு ஒருமுறை வந்தால், தடுப்பூசியைத் தயாரித்து அடுக்கி வைப்பவன் யார்? வைத்தாலும் காலம் தாண்டிக் கெட்டுப்போகும். அன்று கையில் இருந்த உயிர்த் தடுப்பூசி, ஸ்மித்பர்ன் பிரித்த வைரஸிலிருந்து வந்தது. அதைச் சினை ஆட்டுக்குப் போட்டால் அதுவே குட்டி வீச வைக்கக்கூடும். நோய் பரவத் தொடங்கிய பின் ஒரே ஊசியைப் பல ஆட்டுக்குக் குத்தினால், நோயை நாமே மந்தை முழுக்க ஏற்றியவர்கள் ஆவோம். ஆகவே போட வேண்டியது மழைக்கு முன்னால். மழை வந்தபின் பாதை இல்லை, வண்டி போகாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தடங்கல், முன்னறிவிப்பை நம்பிப் பணத்தை எடுக்க யாருக்கும் அதிகாரம் இல்லாததுதான். இதை நான் எங்கள் பக்கத்திலும் கண்டிருக்கிறேன். ஆடு செத்தால் நிதி ஒதுக்கக் கோப்பு நகரும். சாகப் போகிறது என்று எழுதினால் கோப்பு எழுதியவனிடமே திரும்பி வரும். நோய் உறுதியாகட்டும் என்று காத்திருப்பது தப்பில்லை என்று நமக்குச் சொல்லித் தரப்பட்டிருக்கிறது. சந்தையை மூடச் சொல்லி, நோய் வராமல் போனால், அந்த வாரம் ஆடு விற்றுத் தானியம் வாங்க வேண்டிய குடும்பத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் உறுதியாகும்வரை காத்திருந்தால் முன்னறிவிப்புக்கு வேலையே இல்லை. நோய் உறுதியாவது என்றால் ஒரு மனிதன் படுத்துவிட்டான் என்று அர்த்தம்.

நல்ல வேளை, அங்கே பாடத்தை எடுத்துக்கொண்டார்கள். கிழக்கு ஆப்பிரிக்கக் கால்நடை அதிகாரிகள், மருத்துவர்கள், ஆய்வாளர்கள் சேர்ந்து உட்கார்ந்து ஒரு முடிவுப் பட்டியலைத் தயாரித்தார்கள். கடல் சூடேறுகிறது என்ற அறிவிப்பு வந்தால் என்ன செய்வது, மழை பிடித்தால் என்ன, கொசு கிளம்பினால் என்ன, முதல் ஆடு விழுந்தால் என்ன என்று நிகழ்ச்சிகள் வரிசையாக. ஒவ்வொன்றுக்கும் எதிரே செய்ய வேண்டிய வேலை. முதல் அறிவிப்புக்குச் செலவு குறைந்த வேலைகள்: தடுப்பூசி இருப்பை எண்ணிப் பார்ப்பது, மேய்ச்சல் தலைவர்களைக் கூட்டிப் பேசுவது, அறுப்புக்கூடத்தாருக்குச் சொல்லி வைப்பது. அபாயம் நெருங்க நெருங்கச் செலவும் கட்டுப்பாடும் கூடும். வந்தால் எல்லாம், வராவிட்டால் ஒன்றுமில்லை என்ற முட்டுச்சந்திலிருந்து அதிகாரியை வெளியே கொண்டுவந்தது இந்தப் பட்டியல். முன்னறிவிப்பு பொய்த்தாலும் இழப்பது சிறிது என்று தெரிந்தால்தான் ஒருவர் துணிந்து முதல் அடி வைப்பார்.

அந்தப் பட்டியலில் கொசு கிளம்பியதை அறிய வேறு கருவி எதுவும் வேண்டியதில்லை; மேய்ச்சல்காரர் சொன்னால் போதும். புல்லின் பச்சையை வானிலிருந்து அளக்கலாம், முட்டை பொரித்ததை ஊகிக்கலாம். கொசு வந்ததா, ஆடு விழுந்ததா என்பதை ஆட்டோடு படுத்து எழுபவனே முதலில் அறிவான். அவன் வார்த்தையை வரைபடத்தில் சேர்த்தால்தான் வரைபடம் முழுமை பெறும்.

நம் நாட்டிலும் இந்த வேலை நடக்கிறது. பெங்களூரிலுள்ள நிவேதி நிறுவனம் மழை, வெப்பம், பழைய நோய்ப் பதிவுகள் ஆகியவற்றைச் சேர்த்து, மாவட்டவாரியாக எந்தக் கால்நடை நோய் எங்கே தலைதூக்கக்கூடும் என்று இரண்டு மாதம் முன்னதாகச் சொல்கிறது. அதில் நீலநாக்கும் உண்டு. நான் வேலையில் சேர்ந்த காலத்தில் கனவிலும் நினைத்திராத வசதி இது. அந்த அறிவிப்பு மாவட்ட அலுவலகத்தோடு நின்றுவிடக் கூடாது. ஐப்பசி பிறக்கும் முன் அது கிடைக்கு வர வேண்டும். வரும்போது வெறும் எச்சரிக்கையாக வரக் கூடாது. இன்ன தேதிக்குள் தடுப்பூசி இன்ன மருந்தகத்துக்கு வரும், இன்ன ஊரில் மேட்டு மேய்ச்சலுக்கு இடம் பேசியிருக்கிறது, பூச்சி கிளம்பினால் இன்னாரிடம் சொல்லுங்கள் என்று வர வேண்டும். கீதாரி சொல்வதை எழுதிக்கொள்ள அந்தப் படிவத்தில் கட்டம் இருக்க வேண்டும். அந்தச் சொல் பெங்களூருக்குப் போய் அடுத்த மாத வரைபடத்தைத் திருத்த வேண்டும்.

டாப்னி ரத்தத்தை வடிகட்டியதிலிருந்து அன்யம்பா வரைபடம் வெளியிட்டது வரை 76 ஆண்டு உழைப்பு. அத்தனை பேரும் கண்டுபிடித்துத் தந்தது ஒன்றே ஒன்று: சில வார அவகாசம். அந்த அவகாசத்துக்குள் செலவழிக்கப் பணமும், முடிவெடுக்க அதிகாரமும், மந்தைக்காரனின் சொல்லுக்கு மதிப்பும் முன்கூட்டியே ஏற்பாடாகியிருந்தால் மட்டுமே அது உயிரைக் காக்கும். அந்த ஏற்பாட்டைச் செய்ய நமக்கு இனி எந்தச் செயற்கைக்கோளும் தேவையில்லை. மழை தொடங்காத மாதங்களில் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, யார் எதை எப்போது செய்வது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும்.